ஆட வேண்டிய ஸ்டூல்கள்

1

தூத்துக்குடியில் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த நண்பர் ஒருவர் ஊரில் சிறு பத்திரிகை நடத்துகிறார். நான் கல்கத்தா வந்து இந்தச் செப்டம்பரோடு இருபத்து மூன்று வருடம் ஆகிறது என்று போனில் சொன்னது என் தவறு. “அங்க உள்ள அனுபவத்த எழுதி அனுப்புல” என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். “பாலம், டிராம், மீன், துர்கா பூஜை. இல்லன்னா ஊர நெனச்சு ஏங்குதத எழுது” என்றார்.

பாலத்தை நான் வருடத்துக்கு ஒரு முறை, ஊருக்கு ரயில் ஏறப் போகும்போதுதான் பார்க்கிறேன். அப்போதும் என் கண் பெட்டிகள் மேல்தான் இருக்கும். ஏங்குவதற்கு ஷிஃப்டு இடம் கொடுப்பதில்லை. இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த ஒரே அனுபவம், ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டூல்களுக்கு நான் செய்த வேலை. அதையே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் நண்பர் பாலத்தின் படத்தைப் போட்டுக்கொள்ளட்டும்.

கிடர்பூர் கப்பல்துறையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் நான் பிட்டர். ஆடுகிற இயந்திரத்தை ஆடாமல் செய்வது என் வேலை. இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கக் கூடாத தளர்ச்சியை நாங்கள் ‘பிளே’ என்போம். கையை வைத்தாலே எனக்கு பிளே தெரிந்துவிடும். வாய் அதிகம் தேவைப்படாத வேலை. நான் அதில் இத்தனை வருடம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2

என் மகள் மலருக்குப் பதினொரு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. அவளுக்கு மூன்று வயதானபோது பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள், வீட்டில் ஒரே மொழியைப் பேசுங்கள், இரண்டு மூன்று மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்றார். பள்ளி, பக்கத்து வீடு, தெரு, ஆட்டோ எல்லாம் வங்காளம். தமிழுக்கு நானும் மனைவி செல்வியும் மட்டும். ஓட்டெடுப்பில் தமிழ் தோற்றது. இப்போது அப்படியெல்லாம் தேவையில்லை, எத்தனை மொழி வேண்டுமானாலும் பேசலாம் என்கிறார்களாம். அதற்குள் எட்டு வருடம் போய்விட்டது.

தமிழர்கள் அதிகம் உள்ள லேக் மார்க்கெட் பக்கம் போனால், பிள்ளைகள் தமிழ் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று நம்மவர்கள் வருத்தப்படுவது காதில் விழும். அவர்கள் பிள்ளைகள் தமிழை விட்டுத் தாமாகப் போனார்கள். எங்கள் பிள்ளையை நாங்களே டிக்கெட் வாங்கி அனுப்பிவைத்தோம். மலருக்கு நான் ‘பாபா’. என் வங்காளமோ ஒர்க்‌ஷாப் வங்காளம். சாப்பிடக் கூப்பிட்டால்கூட கிரேன்காரரிடம் கொக்கியை இறக்கச் சொல்வது போலத்தான் வரும். “பிள்ளையக் கூப்பிடுதீங்களா, லாரிய ரிவர்ஸ் எடுக்குதீங்களா?” என்பாள் செல்வி.

மலர் படிப்பது டாலிகஞ்சில் ஒரு சாதாரணப் பள்ளி. அவளைப் போன்ற பிள்ளைகள் ஐந்து பேரை மற்றவர்களோடு சேர்த்து உட்காரவைக்கிறார்கள். செல்வி காலையில் மாவு அரைத்து லேக் மார்க்கெட் கடைக்குக் கொடுக்கிறாள். என் ஷிஃப்டு மதியம் இரண்டு மணிக்கு. அதனால் பள்ளிக்கு நான்தான் போவேன். இந்த ஐந்து பிள்ளைகளின் பெற்றோர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வராந்தாவில் நான்கு அம்மாக்களும் நானும். முதல் நாளே பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

மலருக்குப் பள்ளி பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பாள். அவளுக்குப் பிடிக்காதது பெஞ்சு. இரும்புக் கால், இழுத்தால் கிரீச்சிடும், அவள் காதைப் பொத்திக்கொள்வாள். பிறகு முன்னும் பின்னும் ஆடுவாள். ஒரே பெஞ்சில் நான்கு பேர் என்பதால் மற்ற மூவரின் கையெழுத்தும் சேர்ந்து ஆடும். அவர்கள் கத்த, இவள் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். ஒரு பாடவேளை முப்பத்தைந்து நிமிடம். அவள் உட்காருவது ஏழெட்டு நிமிடம்.

ஜூலையில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துர்கா பூஜை விடுமுறைக்கு முன்னால் வெளியிலிருந்து இருவர் வந்து பார்ப்பார்கள். ஒரு பாடவேளையாவது அவள் வகுப்பில் இருக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வர வேண்டாம், வாரம் ஒரு முறை ஆசிரியை வீட்டுக்கு வருவார். கடிதம் மரியாதையாகவே இருந்தது. ‘வீட்டின் இதமான சூழலில்’ என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டின் இதமான சூழலில் காலை ஐந்து மணிக்கு கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும்.

3

ஆகஸ்டில் பெட்டிகள் வந்து இறங்கின. யாரோ ஒரு கம்பெனி தர்மத்துக்கு அனுப்பியது. சத்தம், வெளிச்சம், கூட்டம் தாங்காத பிள்ளைகளுக்கென்றே செய்த மேசை, ஸ்டூல்கள். மங்கலான நிறம், கூர் இல்லாத விளிம்பு, காலுக்கு அடியில் கம்பளித் துண்டு. இழுத்தால் சத்தமே வராது. வகுப்பாசிரியை ரூபா தி என்னிடம், “தாதா, இதுதான் மலருக்கு மருந்து” என்றார். இங்கே ஆசிரியையை அக்கா என்று அழைப்பார்கள், ‘தி’ என்றால் அக்கா. என்னை அண்ணன் என்பார், அது ‘தாதா’, பெயரோடு சேர்த்தால் ‘தா’. ரூபா தியும் அவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

பெட்டிக்குள் இருந்தவை தனித்தனி உறுப்புகள். யார் பூட்டுவது என்று மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கம்பெனி, கொடுப்பது மட்டுமே எங்கள் பொறுப்பு என்றது. பள்ளியின் தச்சர் பிளாஸ்டிக்கும் இரும்பும் மரவேலை ஆகாது என்றார். பியூன் தன் வேலைப் பட்டியலை எடுத்துக் காட்டினார். கடைசியில் பொடோபாபு, அதாவது தலைமை எழுத்தர், வராந்தாவில் நின்ற என்னைப் பார்த்து, ஐயா என்பதற்கு இங்கே சொல்லும் ‘மோஷாய்’ போட்டுக் கேட்டார்.

“நீங்க என்ன வேலை செய்யறீங்க, மோஷாய்?”

“பிட்டர்.”

“அப்போ இத்தனை நாளா சும்மா நிக்கறீங்களே.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆறு ஸ்டூல், இரண்டு மேசை. என் சொந்த ஸ்பானர் பெட்டியைக் கொண்டுபோனேன். அந்த ஸ்டூலுக்கு ஒரே தண்டு, கீழே வட்டமான பாதம், இரண்டுக்கும் நடுவே தடித்த ரப்பர் கிண்ணம். நட்டை முழுதாக இறுக்கியும் தண்டு நாலு பக்கமும் சாய்ந்தது. என் கையில் அப்படியொரு பிளேயை நான் கண்டதில்லை. கூட வந்த தாளில் எழுத்தே இல்லை, படங்கள்தான். கடைசிப் படத்தில் ஸ்டூலுக்கு இரு பக்கமும் வளைந்த அம்புக்குறிகள். ஆட்டம் இருக்கிறதா என்று பார், இருந்தால் சரி செய் என்று சொல்கிறார்கள் என எடுத்துக்கொண்டேன். வேறு எந்தப் பொருளில் ஒரு பிட்டர் அதை எடுத்துக்கொள்ள முடியும்?

அடுத்த ஞாயிறு ஒர்க்‌ஷாப் கழிவிலிருந்து இரும்பு வளையங்கள் வெட்டிக் கொண்டுபோனேன். ரப்பரைச் சுற்றி வளையம் கொடுத்து, மேலே ஒரு லாக் நட்டும் போட்டு இறுக்கினேன். மேசைகளின் அடியில் கால் வைக்கிற கம்பி ஒன்று இரண்டு வார்களில் ஊஞ்சல் போலத் தொங்கியது. கம்பெனிக்காரர்கள் கிளாம்ப் வைக்க மறந்துவிட்டார்கள் என்று நானே கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்தினேன்.

பொடோபாபு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பருத்த உடம்பு. இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். “நொட்சே நா, மோஷாய்! இம்மிகூட ஆடல. இதுதான் வேலை” என்றார். ‘உறுதியாகப் பொருத்தப்பட்டது, அசைவு இல்லை’ என்று சான்றிதழ் டைப் ஆகிவந்தது. அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். என்னை ஸ்டூல்களுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள். அதில் நான் மட்டும் கொஞ்சம் ஆடியிருக்கிறேன்.

4

ஆய்வுக்கு முந்தின சனிக்கிழமை ரூபா தி ஒத்திகை வைத்தார். மலர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வலது பக்கம் உந்திப் பார்த்தாள். இடது பக்கம் உந்தினாள். காலால் கம்பியைத் தள்ளினாள். எதுவும் அசையவில்லை. பூட்டிய கதவைத் தள்ளிப் பார்ப்பவள் போல இரண்டு முறை எல்லாப் பக்கமும் முயன்றுவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஆறு நிமிடம். பெஞ்சைவிட மோசம்.

முன்பாவது பெஞ்சு சரியில்லை என்று சொல்ல முடிந்தது. இப்போது காகிதத்தில் எழுத ஒரே வாக்கியம்தான் மிச்சம்: தகுந்த இருக்கை கொடுத்தும் முன்னேற்றம் இல்லை.

“எனக்குப் புரியல, தாதா” என்று ரூபா தி போனை நீட்டினார். வேறொரு ஊர்ப் பள்ளியின் வீடியோ. அதே ஸ்டூல். ஒரு குழந்தை அதில் உட்கார்ந்து பம்பரம் ஓய்கிற நேரத்தில் சுழல்வது போல மெதுவாக எல்லாப் பக்கமும் சாய்ந்து ஆடிக்கொண்டே கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. கால் அந்தக் கம்பியை ஊஞ்சல் ஆட்டியது. “பாருங்க, ஆடணும். உடம்பு ஆடினாத்தான் இவங்களுக்கு மனசு நிக்கும். நம்ம ஸ்டூல் ஏன் இப்படி இருக்கு? மட்டமான சரக்கு அனுப்பிட்டாங்களோ?”

“இருக்கலாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. நான் பேசுவது குறைவு. பேசிய ஒன்றும் பொய்.

ஊரில் தொடக்கப் பள்ளியில் எங்களோடு ஒரு பெண் படித்தாள். அவளும் உட்காரவே மாட்டாள். டீச்சர் அவளை வெளியே விட்டுவிடுவார். அவள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு வரவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவள் இடத்தில் எங்கள் பைகளை வைத்துக்கொண்டோம். ஊரைப் பற்றி எழுது என்று நண்பர் சொன்னாரே, அந்த இரண்டு நாளும் எனக்கு ஊரிலிருந்து ஞாபகம் வந்தது அந்தப் பைகள்தான்.

5

திங்கட்கிழமை செல்வி கேட்டாள். “ரெண்டு நாளா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க. ஒர்க்‌ஷாப்புல எதும் சண்டையா?”

“ஸ்டூல நான்தான் கெடுத்துட்டேன்.”

முழுதும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். “மூணு வருசமா அடுப்படிக் கொழா ஒழுகுது, அத இறுக்க ஆளக் காணோம். ஆட வேண்டியத மட்டும் தேடிப்போய் இறுக்கியிருக்கீங்க.” பிறகு சிரிப்பு நின்றது. “வியாழக்கெழம வாராங்க. நாளைக்கே போய்ச் சொல்லுங்க.”

“பொடோபாபு கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“கையெழுத்த அவரு வச்சிக்கிடட்டும். எம்பிள்ளைக்கு எடம் வேணும்.”

செவ்வாயன்று பொடோபாபுவின் மேசை முன்னால் நின்றேன். ஸ்டூல்களைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்றேன். அவர் சான்றிதழ்க் கோப்பை எடுத்து எனக்கு எதிரே விரித்தார்.

“அசைவு இல்லைன்னு நான் எழுதியிருக்கேன். நீங்க அசைய வெச்சா நான் எழுதினது என்ன ஆறது? நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்தா?”

நியாயமான கேள்வி. பதில் சொன்னால் தவறு என்னுடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

“ஏன் தளர்த்தணும்னு எழுதிக் கொடுங்க. எந்த மொழியானாலும் சரி. கோப்புக்குக் காகிதம் வேணும்” என்றார்.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. கல்கத்தாவில் அன்று எந்தப் பட்டறையிலும் கருவிகளைத் தொட மாட்டார்கள். நம் ஆயுத பூஜை மாதிரிதான், ஆனால் பட்டமும் கறிச்சோறும் உண்டு. முந்தின மாலையே எல்லாரையும் போல நானும் என் ஸ்பானர் பெட்டியைத் துடைத்துச் சாமி காலடியில் வைத்திருந்தேன். கடையில் வாங்கலாம் என்றால் தெரிந்த கடைக்காரர்களும் பூஜையில் இருந்தார்கள்.

அன்று மலரோடு செல்வியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காலை பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் பூஜை மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, குனிந்து பெட்டியை எடுத்தேன். என் கூட வேலை பார்க்கும் ஷ்யாமல் தா கையைப் பிடித்தார்.

“மதராஸி தாதா, இன்னிக்கு ஜந்திரத்தைத் தொடக் கூடாது. தெரியாதா?”

“தெரியும்.”

“பின்னே? இன்னிக்கு என்ன வேலை உனக்கு?”

“வேலை செய்ய இல்ல, தாதா. செஞ்ச வேலையக் கெடுக்க.”

ஷ்யாமல் தா கையை விட்டார். “அதுக்கு சாமி ஒண்ணும் சொல்லல. எடுத்துட்டுப் போ” என்று ஒரு வாழைப்பழத்தையும் பெட்டி மேல் வைத்தார்.

பஸ்ஸில் கடிதத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் எனக்கு விடுப்பு விண்ணப்பம் ஒன்றுதான் எழுத வரும். வங்காளம் எழுதத் தெரியாது. தமிழில் எழுதினேன். இந்த ஊரில் ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதிய முதல் தமிழ்க் கடிதம். ஒரு வசதி தெரிந்தது. யாராலும் படிக்க முடியாது.

பொடோபாபு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரூபா தியையும் கூப்பிட்டார். பியூன் வாசலில் சாய்ந்து நின்றார்.

“அழகான எழுத்து. ஜிலேபி மாதிரி. இப்போ படிச்சுக் காட்டுங்க, வங்காளத்துல.”

வசதி போயிற்று. கப்பல்களின் பம்பு அறை இரைச்சலில் கத்திப் பேசிப் பழகிய என் வங்காளத்தில், எல்லார் முன்னாலும் சொன்னேன். சரக்கு நல்ல சரக்கு. இந்த ஸ்டூல் ஆட வேண்டிய ஸ்டூல். ஆட்டத்தைக் குறை என்று நினைத்து நான் நிறுத்திவிட்டேன். தவறு என்னுடையது. சனிக்கிழமை ரூபா தி கேட்டபோதும் சொல்லவில்லை. அதுவும் என் தவறு.

பொடோபாபுதான் முதலில் பேசினார்.

“அப்போ அன்னிக்கு நான் ஆடலைன்னு பாராட்டினதும் தப்பு.”

“இல்ல, சார். அது வேலைக்குப் பாராட்டு.”

அவர் கடிதத்தின் தலையில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். வாழைப்பழத்தைக் காட்டி, “இதுவும் கோப்புல போகணுமா?” என்று கேட்டார். பிறகு, “ஒண்ணை மட்டும் அவிழ்த்துக் காட்டுங்க” என்றார்.

வளையத்தை எடுத்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். சாய்ந்தது, பிடித்துக்கொண்டார், திரும்பி வந்தது. ரப்பர் விழவிடாது என்று இரண்டு மூன்று சாய்வில் அவர் உடம்புக்கே புரிந்துவிட்டது. மேசைக்கடியில் நாள் முழுக்கக் காலாட்டும் மனிதர் அவர். பத்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. புதிய சான்றிதழை அதில் உட்கார்ந்தபடியே சொல்லி டைப் அடிக்கவைத்தார்: ‘உறுதியாகப் பொருத்தப்பட்டது, தேவையான அசைவு உண்டு’. மூன்று மணி வரை மீதி ஐந்தையும் இரண்டு மேசைகளையும் அவிழ்த்தேன். நான் போட்ட நட்டுகள் நன்றாகவே பிடித்திருந்தன. அந்த நேரத்தில் அதை நினைத்துப் பெருமைப்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

6

வியாழக்கிழமை வெளியிலிருந்து இரண்டு அம்மாள்கள் வந்தார்கள். ஒருவர் கையில் படிவம், ஒருவர் கையில் கடிகாரம். கடைசிப் பாடவேளை. என்னை வகுப்பின் பின் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். செல்வியும் மாவு வேலையை விட்டுவிட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

மலர் உட்கார்ந்தாள். வலது பக்கம் உந்தினாள். ஸ்டூல் போயிற்று. உடனே நிறுத்தி ஸ்டூலைக் குனிந்து பார்த்தாள். இடது பக்கம் உந்தினாள். அதுவும் போயிற்று. பிறகு அவள் நிறுத்தவில்லை. முதல் பத்து நிமிடம் ஆட்டம் மட்டும். பிறகு ஆடிக்கொண்டே நோட்டைத் திறந்தாள். ரூபா தி கரும்பலகையில் எழுதியதை ஆடிக்கொண்டே எழுதினாள். ஆட்டம் நோட்டுக்கு வரவில்லை. இருபதாவது நிமிடம் எழுந்தாள். செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. மலர் கீழே விழுந்த பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள்.

முப்பத்தைந்து நிமிடம் முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். படிவக்கார அம்மாள் பேனாவை நிறுத்தினார்.

“‘அசையாமல் உட்காருகிறாளா’ன்னு கேள்வி. ஆம், இல்லை, ரெண்டு கட்டம்தான் இருக்கு. நான் என்ன போடறது?”

ரூபா தி ஏதோ விளக்க ஆரம்பித்தார். அவர் வார்த்தை தேடுவதற்குள், யாரும் என்னைக் கேட்காமலேயே, என் வாய் திறந்துவிட்டது.

“ஆடுறா. எழுந்து போகல.”

வகுப்பின் பின்பக்கத்திலிருந்து பம்பு அறைக் குரலில் வந்ததால் இருவருமே திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு ஓரத்தில் நான் சொன்னதையே எழுதினார். கீழே, வகுப்பில் தொடரலாம், மார்ச்சில் மறுபடி பார்க்கவும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மார்ச் வரைக்கும்தான். ஆனாலும் செல்வி ஜன்னலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

எனக்கும் நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று மலரைக் கூப்பிட்டேன். காலி வகுப்பில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். ரூபா தி கூப்பிட்டுப் பார்த்தார். பியூன் விளக்கை அணைத்துப் பார்த்தார். இரண்டு வருடமாக அவளை உட்காரவைக்க என்னவெல்லாமோ செய்திருக்கிறோம். எழுப்புவதற்கு யாருக்கும் பயிற்சி இல்லை. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அன்று ஷிஃப்டுக்கு முக்கால் மணி நேரம் தாமதம். தாமதப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். மகளை வகுப்பிலிருந்து எழுப்ப முடியவில்லை என்று எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, “என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.